தாத்தாவுக்கு ஒரு ஸ்பீக்கர்

செமஸ்டர், பிராஜக்ட், வைவா எல்லாம் ஒருவழியாக முடிந்து ஊர்ப்பக்கம் வந்தாச்சு. இங்கே எழுதி மூணு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. "என்னப்பா, கடையைச் சாத்திட்டியா?" என்று விசாரித்த ரெண்டே ரெண்டு நண்பர்களுக்கும் நன்றி. (மூணாவதாகவும் ஒருத்தன் கூப்பிட்டான். அவன் கைமாத்து கேட்கக் கூப்பிட்டான்.)

இந்தத் தடவை அரசியல் இல்லை, சினிமா இல்லை, விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புலம்பலும் இல்லை. ஸ்பீக்கர். அதுவும் உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ஸ்பீக்கர். "இதில் எழுத என்ன இருக்கு?" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஆரம்பித்தேன்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: நான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற மாணவன், அவ்வளவுதான். ஆடியோ பண்டிதரும் இல்லை, காது டாக்டரும் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா, பூப்பாறை, சாந்தம்பாறை என்று ஏலத்தோட்டங்கள். தாத்தா சின்ன வயதிலிருந்து அங்கேதான் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம். அடுப்பு எரித்துச் சூட்டை 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்து, ராப்பகலாகக் காயைக் காய வைக்க வேண்டும். சூடு குறைந்தால் பூசணம், கூடினால் பச்சை நிறம் போய்விடும். அதனால் ராத்திரி ஒருத்தர் முழித்தே இருக்க வேண்டும். அந்த ஒருத்தர் எங்கள் தாத்தா. அவருக்குத் துணை ஒரு ரேடியோ.

இப்போது வயது 78. ஸ்டோர் வேலையை விட்டுப் பல வருஷம் ஆச்சு. ஆனால் வீட்டில் உட்கார மாட்டார். குரங்கணிக்கு மேலே சித்தப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் தோட்டத்தில், காப்பி, மிளகு, ஏலம் எல்லாம் கலந்து கிடக்கும், அங்கே தகரம் போட்ட ஒரு கொட்டகையில் காவலுக்குப் போய்த் தங்கிக்கொள்வார். கரண்ட் கிடையாது. ஒரு சோலார் தகடு, ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு பல்பு. கிழக்குப் பார்த்துத் திறந்த சரிவு என்பதால் கொடைக்கானல் வானொலி, அதாங்க கோடை பண்பலை 100.5, பிசிறில்லாமல் எடுக்கும்.

போன மழைக்காலத்தோடு அந்த ரேடியோ போய்விட்டது. பிரித்துப் பார்த்தேன். சர்க்யூட் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கர்தான் அவுட். காகிதக் கூம்பில் பூசணம் பிடித்து, ஓரத்தில் இருந்த நுரை வளையம் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"வேற நல்ல ரேடியோ வாங்கித் தாரேன் தாத்தா" என்றேன்.

"வாங்குனதுல ரெண்டு இருக்கு. ஒண்ணுலயும் பேசுறது வெளங்கல. பாட்டு கேக்குது. பேச்சு வெளங்கல. எனக்குப் பேச்சு வெளங்கணும், அம்புட்டுத்தான்."

நான்தான் எஞ்சினியர் ஆச்சே! "நானே ஒண்ணு செஞ்சு தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விதி யாரை விட்டது?

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்ளலாம்.

தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் பேசியது முழுக்க அந்த ஒற்றைக் கூம்பு வழியாகத்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. பாட்டும் அதில்தான், பேச்சும் அதில்தான், நாடகமும் அதில்தான். இப்படி அடிக்குரல் முதல் உச்சம் வரை எல்லாவற்றையும் ஒரே கூம்பே பாடுவதைத்தான் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் என்கிறார்கள். ஒரு காந்தம், அதற்குள் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. இந்த அமைப்புக்கு இன்றைய வடிவம் கொடுத்தது 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற ரெண்டு பேர். நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

பிறகு ஏன் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் ரெண்டு மூணு வட்டம் இருக்கிறது? காரணம் எளிது. கனத்த ஒலிக்குப் பெரிய கூம்பு வேண்டும். மெல்லிய கீச்சு ஒலிக்குச் சின்னது வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூணரை மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் என்றால் மூணரை சென்டிமீட்டர். ஒரே ஆள் மூட்டையும் தூக்க வேண்டும், ஊசியிலும் நூல் கோக்க வேண்டும் என்றால் எப்படி? அதனால் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். கனத்துக்கு வூஃபர், கீச்சுக்கு ட்வீட்டர்.

ஆனால் பிரித்துக் கொடுத்தால் வேறு தொல்லை. எங்கே பிரிப்பது என்று பார்த்தால் பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். மனுஷன் பேச்சு தெளிவாகக் கேட்பதும் அந்த இடத்தில்தான். ஒரே குரல் ரெண்டு வாயிலிருந்து வந்து நடுவில் ஒட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடும். நன்றாகச் செய்தால் ஒட்டு தெரியாது. நன்றாகச் செய்யக் காசு வேண்டும். ஒற்றைக் கூம்பில் அந்த ஒட்டே கிடையாது. பேச்சுக்காக ரேடியோ செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதோடு முடிவு செய்தேன்: ஒரே ஒரு ஃபுல் ரேஞ்ச், சின்ன மரப்பெட்டி, எஃப்எம் போர்டு, 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் (பிஏஎம்8610 என்ற சிப், கைக்கு அடக்கமான விலை). மிச்சம் ஒரே கேள்விதான். எந்த ஸ்பீக்கர்?

அங்கே ஆரம்பித்தது சனி.

உலகத்தில் இந்தச் சின்ன ஸ்பீக்கருக்கென்றே ஒரு தனி மதம் இருக்கிறது. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ், ஜெர்மனியின் விஸாட்டான், தைவானின் டாங் பேண்ட், ஹாங்காங்கின் மார்க் ஆடியோ, அமெரிக்காவின் டேட்டன் ஆடியோ என்று ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள். 1968-ல் வந்த போஸ் 901 பெட்டியில் ஒன்பது சின்ன ஃபுல் ரேஞ்ச் இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் எட்டு! நான் ஒரு மாசம் விடுதியில் படுத்துக்கொண்டு பாடப் புத்தகத்துக்குப் பதில் இவற்றின் அளவுத் தாள்களைப் படித்தேன். (அந்த செமஸ்டர் மார்க்கைக் கேட்காதீர்கள்.)

படித்ததில் உருப்படியாக மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எஃப்எஸ். கூம்பு தானாக அதிர விரும்பும் அதிர்வெண். தோராயமாகச் சொன்னால் அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கரிடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. மூணு இஞ்சு ஸ்பீக்கர்களில் இது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பது வழக்கம். பெட்டிக்குள் வைத்து மூடினால் இன்னும் மேலே ஏறும்.

இரண்டாவது, க்யூடிஎஸ். அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண். இதையும் வேறு சில எண்களையும் வைத்து எத்தனை லிட்டர் பெட்டி என்று கணக்குப் போடலாம். 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் முடித்து வைத்த கணக்கு. அதற்கு முன்னால் பெட்டி செய்வது குத்துமதிப்பான ஆசாரி வேலை.

மூன்றாவது, சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம். பார்க்க 84-க்கும் 90-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 3 டெசிபலுக்கு ஒருமுறை வாட் இரட்டிப்பாக வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டில் போடும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கர் போட 20 வாட் வேண்டும். வீட்டில் பிளக்கைச் சொருகுகிறவனுக்கு இது கவலை இல்லை. மழை மூட்டத்தில் நாலு நாள் சோலார் தூங்கும் மலைக்கு இது பெரிய விஷயம்.

நான்காவது, மேலே சொன்னவற்றை எல்லாம் கட்டிப்போடும் ஒரு விதி. கேஎல்ஹெச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் உள்ள 'ஹெச்', ஹாஃப்மன் என்பவர். அவர் பெயரில் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று சொல்வார்கள். கனத்த பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம், சின்னப் பெட்டி. இந்த மூணில் ரெண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூணாவதை விட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இதுக்கு அமெரிக்காக்காரன் எதுக்கு? காய்ல சைசு இருந்தா கலர் இருக்காது, கலர் இருந்தா லிட்டர் எடை நிக்காது. மூணும் இருக்க காய் எத்தனை மூட்டைக்கு ஒண்ணு வரும்?" ஏலக்காயை 7 மில்லி, 8 மில்லி என்று சல்லடையில் பிரிப்பார்கள், ஒரு லிட்டர் படிக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள், பிறகு நிறம். விலை இந்த மூணையும் பார்த்துத்தான். ஹாஃப்மன் போடிக்கு வந்திருந்தால் தாத்தாவோடு டீ குடித்திருப்பார்.

சரி, நான் எதை விட்டுக் கொடுத்தேன்? இங்கேதான் தப்புப் பண்ணினேன்.

எனக்குப் பேஸ் வேண்டும். ஏனென்றால் நான் இளையராஜா பைத்தியம். தேவாரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் பண்ணைப்புரம், அவர் பிறந்த ஊர். பக்கத்து ஊர்க்காரன் என்ற உரிமையில் அவர் பாட்டின் பேஸ் கிடார் ஒவ்வொரு தந்தியும் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. பேஸ் கிடாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். மூணு இஞ்சில் அது வராது. ஆனால் காது ஒரு ஏமாளி. அந்த 41 ஹெர்ட்ஸின் மடங்குகளான 82, 123, 164 எல்லாம் கேட்டால் போதும், இல்லாத 41-ஐ மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் 90, 100 வரை இறங்கும் மூணு இஞ்சு கிடைத்தால் பாட்டு ஜம்மென்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் வெளிநாட்டு மூணு இஞ்சு ஒன்று கிடைத்தது. அலுமினியக் கூம்பு, ரப்பர் வளையம். மலை ஈரத்தில் உலோகம் பூசணம் பிடிக்காது, ரப்பர் நுரை மாதிரி உதிராது. பார்க்கவும் நகை மாதிரி இருந்தது. சென்சிட்டிவிட்டி 84. "பரவாயில்லை, ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும்" என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கூடவே, ஆம்ப்ளிஃபையரை முதலில் சோதித்துப் பார்க்க உருப்படாமல் போனாலும் கவலை இல்லாத ஒரு மலிவு ஸ்பீக்கர் வாங்கினேன். நாலு இஞ்சு, கறுப்புப் பூச்சு பூசிய காகிதக் கூம்பு, மடிப்பு மடிப்பாகத் துணி வளையம், நடுவில் விஸ்ஸர் என்கிற இன்னொரு குட்டிக் காகிதக் கூம்பு. பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சுவரில் நீளமாக மாட்டியிருப்பார்களே, அந்த நெடுக்குப் பெட்டிக்குள் வரிசையாக இருப்பது இந்த ஜாதிதான். அளவுத் தாள் எதுவும் கிடையாது. கடைக்காரர் பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்தார்.

ரெண்டையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். போடிக்கு ரயிலில் வருவதே எங்களுக்கு இன்னும் புதுசு. மீட்டர் கேஜ் 2010 கடைசியோடு நின்று, அகலப்பாதை போட்டு, சென்னை ரயில் போடி வரை வந்தது 2023 ஜூனில்தான். என் பள்ளிக்கூட வயசு முழுக்கத் தண்டவாளம் இல்லாத ஸ்டேஷனில் கிரிக்கெட் ஆடியே கழிந்தது.

பெட்டி செய்ய எம்டிஎஃப் பலகை வேண்டாம் என்று ஆசாரி அண்ணன் சொன்னார். "மலைக்குத்தான கொண்டு போற? ஊறி இட்லி மாதிரி உப்பிரும் தம்பி." தண்ணீர் தாங்கும் 12 மில்லி ப்ளைவுட்டில், முன்பலகையை மட்டும் மாற்றிக்கொள்கிற மாதிரி, நாலு லிட்டருக்கு அடைபட்ட பெட்டி ஒன்று அடித்துக் கொடுத்தார். உள்ளே சத்தம் முட்டி எதிரொலிக்காமல் இருக்கப் பஞ்சு திணிக்க வேண்டும். போடியில் பஞ்சுக்கா பஞ்சம்? இலவம்பஞ்சு எங்கள் ஊர்ச் சரக்கு. அதன் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுத்தன்மை உண்டு, லேசில் தண்ணீர் ஏறாது. அப்பத்தாவின் பழைய தலையணை ஒன்று தியாகம் செய்யப்பட்டது.

வீட்டு முற்றத்தில் அலுமினியக் கூம்பைப் பொருத்திப் பாட்டுப் போட்டேன். அடடா! அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு இருக்கா என்று எனக்கே புல்லரித்தது. சித்தப்பா கூட "பரவால்லையே" என்றார். எங்கள் சித்தப்பா அப்படிச் சொல்வது பத்மஸ்ரீ வாங்குவதற்குச் சமம்.

மறுநாள் ஜீப் பிடித்து மலைக்குப் போனோம். கொட்டகையில் மாட்டினேன். கோடை பண்பலையில் விவசாய நிகழ்ச்சி யாரோ பேசிக்கொண்டிருந்தார். தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"என்ன தாத்தா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பேச்சு வெளங்குதா?"

"இப்ப வாரவய்ங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசுறாய்ங்கப்பா."

சத்தத்தைக் கூட்டினேன். தகரத்தில் மழை விழ ஆரம்பித்ததும் இன்னும் கூட்டினேன். ஆம்ப்ளிஃபையர் கரகரத்ததே தவிர, தாத்தா முகத்தில் மாற்றம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாச உழைப்பு. "உங்களுக்கு என்ன செஞ்சாலும் புடிக்காது தாத்தா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து அடுப்பில் காப்பி வைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் புலம்பினேன். அப்பத்தா சிரித்துக்கொண்டே சொன்னது: "ஒங்க தாத்தாவுக்கு நெனச்சாத்தான் காது கேக்கும். அன்னைக்கி மாடியில காய்ஞ்ச காய அள்ளச் சொல்லி, காய் காஞ்சிருச்சான்னு கேக்குறேன், பாயா, உள்ளதான கெடக்குங்குறாரு. வீம்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுக்கும்போதுதான் மண்டையில் அடித்தது. காய், பாய். இரண்டுக்கும் உயிர் ஒலி ஒன்றுதான். முதல் மெய் மட்டும்தான் வேறு.

படித்த பாடம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. பேச்சின் சத்தம் பெரும்பாலும் உயிரெழுத்துகளில் இருக்கிறது. அவை கீழே, 1000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் பலமாக இருக்கும். ஆனால் பேச்சின் அர்த்தம் மெய்யெழுத்துகளில் இருக்கிறது. க, ச, த, ப என்று நாம் பிரித்துக் கேட்க உதவும் மெல்லிய உரசலும் வெடிப்பும் பெரும்பாலும் 2000-லிருந்து 4000-க்கும் அதற்கு மேலும் கிடக்கின்றன. அந்தப் பகுதி கேட்காதவருக்குப் பேச்சு சத்தமாகத்தான் கேட்கும். ஆனால் கஞ்சியில் விழுந்த எழுத்து மாதிரி கரைந்து கேட்கும். "கேக்குது, வெளங்கல" என்று தாத்தா முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை. எங்கள் ரெண்டு பேரில் யாருக்குக் காது மந்தம் என்று தெரியவில்லை.

பழைய ரேடியோ மட்டும் எப்படி விளங்கியது? அந்தக் கால மத்திய அலையில் நாலரை ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராதே, அப்போது எப்படிக் கேட்டார்? எளிது. அப்போது அவருக்கு வயது முப்பது.

மறுநாள் மலைக்குத் திரும்பிப் போய், போனில் ஒவ்வொரு ஒலியாகப் போட்டுக் காட்டினேன். 500 கேட்டது. 1000 கேட்டது. 2000 கூட்டி வைத்தால் கேட்டது. 4000 போட்டேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார். தாத்தா "ம், போடு" என்றார், இன்னும் நான் போடவே இல்லை என்று நினைத்து. சித்தப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் ஒரு மாசம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கோடு நேராகப் போகிறதா என்று தாள் தாளாகப் பார்த்தேன். கேட்கப் போகிறவரின் காது எதுவரை போகிறது என்று ஒரு நிமிஷம் பார்க்கவில்லை.

போன் சோதனை உண்மையான சோதனை ஆகாது. அதனால் தேனிக்கு அழைத்துப் போய்க் காது மருத்துவரிடம் முறையாகப் பார்த்தோம். அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பித்தானை அழுத்தச் சொல்லி, கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழே அதிர்வெண், பக்கவாட்டில் டெசிபல். ஸ்பீக்கர் தாளில் ஒரு மாசம் பார்த்த அதே படம்! 1000 வரை ஓரளவு தாக்குப்பிடித்து, 2000 தாண்டியதும் மலைப்பாதை மாதிரி இறங்கியது கோடு. ரெண்டு காதிலும் ஒரே மாதிரி. வயதினால் வருவது, திரும்ப வராது, ஆனால் கருவி வைத்தால் நன்றாக உதவும் என்றார் டாக்டர். "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வீம்பு என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோமோ, அத்தனை வருஷம்.

ஊருக்கு வந்ததும் அந்த மலிவு நாலு இஞ்சை எடுத்தேன். லேப்டாப்பில் மைக் வைத்து அளந்து பார்த்தேன். ஹைஃபை பக்தர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். 150-க்குக் கீழே பேஸ் இல்லை. 2000-லிருந்து 5000 வரை விஸ்ஸர் புண்ணியத்தில் நாலைந்து டெசிபல் மேடு. "கத்துகிற ஸ்பீக்கர்" என்று இதைத்தான் ஒதுக்குவார்கள். ஆனால் தாத்தாவின் கோடு இறங்கும் அதே இடத்தில் இந்தக் கோடு ஏறுகிறது! கூடவே, அதே வால்யூமில் அலுமினியத்தைவிட 6 டெசிபல் போலச் சத்தம் அதிகம். பேட்டரிக்கும் நல்லது. ஹாஃப்மனின் மூணில் நான் பேஸை விட்டுக் கொடுத்தேன். விட்டுக் கொடுக்க வேண்டியதே அதுதான்.

இன்னொன்றும் செய்தேன். பெட்டியைச் சுவரின் உச்சியிலிருந்து இறக்கிக் கட்டில் பக்கம், தலைமாட்டு உயரத்தில், தாத்தாவைப் பார்த்து வைத்தேன். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். காசில்லாமல் கிடைக்கும் நாலு மடங்கு வாட். சின்னக் கூம்பானாலும் கீச்சு ஒலி நேர் எதிரேதான் நன்றாகப் போகும், பக்கவாட்டில் குறைந்துவிடும். அதனால் முகம் பார்த்து வைப்பது முக்கியம். பெரியவர்களிடம் பேசும்போதும் இதே கணக்குதான். பக்கத்தில் போய், முகம் பார்த்துப் பேச வேண்டும். அடுத்த அறையிலிருந்து கத்தக் கூடாது.

ரேடியோவைப் போட்டேன். செய்தி ஓடியது. தாத்தா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மதுரையில மழையாம்ல" என்றார்.

அவ்வளவுதான். விமர்சனம் அவ்வளவுதான்.

அந்த மேடு எல்லாவற்றையும் சரி செய்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு 4000-ல் போனது நாலைந்து டெசிபல் இல்லை, அதைவிட மிக அதிகம். ஸ்பீக்கர் காதுக் கருவிக்கு மாற்று ஆகாது. முதலில் "காதுல மிஷினா? எனக்கா?" என்று குதித்தவர், ரெண்டு வாரம் கழித்து ஒரு காதுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். முதல் நாள் மாட்டியதும் அவர் சொன்னது, "தகரத்துல மழ இம்புட்டுச் சத்தமாவா விழுது?" ரேடியோ கேட்கும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார். "இது பேரன் செஞ்சது, இதுக்கு மிஷினு வேணாம்" என்கிறார். பெருமைக்காகச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த அலுமினிய நகை இப்போது என் மேஜையில் இருக்கிறது. ராஜா பாட்டுக்கு அருமை. ஸ்பீக்கர் மேல் தப்பே இல்லை. ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

யாராவது சின்ன ஃபுல் ரேஞ்ச் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தில் வரிசை இதுதான். முதலில், யார் கேட்கப் போகிறார்கள், அவர் காது எப்படி. இரண்டாவது, என்ன கேட்கப் போகிறார், பேச்சா பாட்டா. மூன்றாவது, எங்கே, ஈரம், மழைச் சத்தம், கரண்ட். நான்காவதாக, எதை விட்டுக் கொடுக்கலாம். அளவுத் தாள் அதற்கப்புறம். நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்தேன்.

கடைசியாக ஒன்று. விடுதியிலிருந்து போன் செய்தால் தாத்தா எப்போதும் "ம், நல்லாருக்கேன், இந்தா அப்பத்தாகிட்ட குடுக்குறேன்" என்று உடனே போனைக் கொடுத்துவிடுவார். அவருக்கு என்னோடு பேசப் பிடிக்காது என்று மூணு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு நிமிஷம் பேசினார். பாதி நேரம் காப்பி விலை. மீதி நேரம் என் மார்க்.

மார்க் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டுவிட்டது. என்னத்தச் சொல்ல!

வர்ட்டா?